ராகுகாலத்துக்கு முன் கிளம்பிய லாரி

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், எனக்கு எதிரே கிரீஸ் படிந்த கைகளோடு இருவர்.

"ராகுகாலம் பொறக்கப் போவுதுன்னு என் தம்பி ஆயில் ஊத்தாமயே ஸ்டார்ட் பண்ணிட்டான், மச்சான்!"

"இன்னா ஆயில்டா?"

"லாரி இன்ஜினுக்குக் காத்தடிக்கிற டர்போவுக்குள்ள ஊத்துறது. நேத்து வூட்லயே அதப் பிரிச்சு, தேஞ்சுபோன பேரிங்க மாத்துனேன். ஆயில் ஊத்திட்டுத்தான் வண்டிய எடுக்கணும். நான் கேன எடுத்தாரப் போன நேரத்துல, எலுமிச்சம்பழத்த நசுக்கிட்டுக் கெளம்பிட்டான். போனையும் வூட்லயே வுட்டுட்டான்."

"இப்ப இன்னா ஆவும்?"

"மெதுவா போனா தாங்கும். அழுத்தி மிதிச்சான்னா பேரிங் புட்ச்சுக்கும், பொக கெளம்பும், இன்ஜினே பூடும். நமக்குன்னு கீறது அந்த ஒரே லாரிதான், மச்சான்."

"பேஜாராவாத. செங்கல்பட்டு டீக்கடைல நிப்பான், புட்ச்சிடலாம்."

நான் இறங்கவேண்டிய வண்டலூர் வந்து, போயும் விட்டது. யாரோ ஒருவருடைய டர்போவுக்காக ஆபீஸுக்கு மட்டம் போட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கூடுவாஞ்சேரி தாண்டியதும், பக்கத்து ரோட்டில் ரயிலுக்கு இணையாக அந்த லாரி. இருவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

"டேய், ஓரங்கட்டுடா! மிதிக்காதடா!"

பெட்டியே சேர்ந்து கையை ஆட்டியது. தம்பி திரும்பினான். அண்ணனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. பதிலுக்குக் கையாட்டி, ஹாரனும் அடித்தான்.

"ஐயோ மச்சான், ரேஸுக்குக் கூப்புடறோம்னு நெனச்சுக்கினான்!"

லாரி உறுமிக்கொண்டு எங்களை முந்தியது. அதன் பின்னால் புகை கிளம்பியதும் இருவரும் கத்துவதை நிறுத்திவிட்டார்கள்.