பதினோராவது பீப்பா பற்றிச் சில அபிப்பிராயங்கள்

இரவல் குடுத்த புத்தகம் மூலை மடியாமல் திரும்பி வரவேணும் எண்டதிலை நான் கொஞ்சம் கண்டிப்பான ஆள். மற்றும்படி ஆரோடையும் சண்டைக்குப் போனதில்லை. கோப்பாயிலை எங்கடை வாசிகசாலைக்குப் பதினெட்டு வருஷம் காரியதரிசியா இருக்கிறன். கிருபைரட்ணம் எண்டு ஆரைக் கேட்டாலும் சாந்தமான மனிசன் எண்டுதான் சொல்லுவினம். நீங்களும் அப்பிடித்தான் சொல்லுவியள், இராசநாயகம் ஐயா. சமாதான நீதவானா இருக்கிற உங்களுக்கு ஊராக்களைத் தெரியாமல் இருக்குமே?

அருந்ததி என்னை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தது ஒரு சத்தியக் கடதாசிக்கு. அவவின்ரை புருஷன் சோமசேகரம் மாஸ்ரரை எண்பத்தெட்டாம் ஆண்டு ஆடியிலை விசாரிக்கவெண்டு ஆயுதக்காரர் தங்கடை காம்புக்குக் கொண்டு போனவை. ஆறு வருஷமாச்சு, ஆள் வரேல்லை. மனிசன் எழுதினது ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றின அபிப்பிராயம் மட்டுந்தான் எண்டு நான் சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைச்சால், அதைக் கொழும்புக்கு அனுப்பிப் பாக்கலாம் எண்டு அவ நம்புறா. பாவம், வெளியிலை வாங்கிலை இருக்கிறா. இன்னும் பொட்டு வைச்சுக்கொண்டுதான் திரியிறா. கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கோ. அவ கேட்டதை விட நான் கொஞ்சம் கூடச் சொல்லவேணும்.

முதலிலை இதை எழுதுங்கோ. நாகமைந்தன் எண்டது நான்தான்.

அந்தப் பேரை நீங்கள் கேள்விப்படேல்லைப் போலை. பரவாயில்லை. பதினோராவது பீப்பா எண்ட மர்ம நாவலை எழுதினவர் நாகமைந்தன். டவுணிலை ஒரு சின்ன அச்சுக்கூடத்திலை அடிச்சது. அச்சுக்காரரைத் தவிர, எழுதினது நான்தான் எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது.

கதை இதுதான். குருநகர்க் கரைக்கு அப்பாலை ஒரு கப்பல் நிக்குது. அதிலை பதினொரு பீப்பா விஷவாயு. ஒரு பீப்பா களவு போகுது. அது வெடிச்சால் வலிகாமம் முழுக்கப் படுத்தபடுக்கைதான். கதாநாயகன் கள்ளரைப் பிடிச்சு, பீப்பாவிலை மிஞ்சினதைச் சோடாப் போத்திலிலை அடைச்சு, துணிப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு, பஸ்சிலை புத்தூருக்குப் போய், அடி காணாத கிணத்துக்குள்ளை போடுறான். வழியிலை போத்தில் கசிஞ்சு மயக்கம் வர, முருங்கையிலைச் சாறு குடிச்சுத் தப்புறான். பதினாலு மாதம் இருந்து எழுதினனான். எழுதேக்கை நானே எழும்பிப் போய்க் கதவுப் பூட்டைச் சரி பாத்தனான்.

எங்கடை வாசிகசாலையிலை ஒரு வழக்கம் இருக்கு. புத்தகம் கட்டேக்கை பின்னாலை நாலு வெள்ளைத் தாள் சேர்த்துக் கட்டுவம். வாசிச்சவை அதிலை தங்கடை அபிப்பிராயத்தை எழுதலாம். ஆனால் கட்டாயம் பேர் போடவேணும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது நான். பேர் போடாமல் எழுதுறவனுக்குப் பொறுப்பு இராது எண்டு பொதுக்கூட்டத்திலை எழும்பி நிண்டு சொன்னனான். எல்லாரும் கை தட்டிச்சினம்.

என்ரை புத்தகத்தை நானே கட்டி, நானே றாக்கையிலை வைச்சன். திரும்பி வாற ஒவ்வொரு முறையும் முதலிலை பின்பக்கத்தைத்தான் பாப்பன். பாலேஸ்வரி ரீச்சர், 'காதல் போதாது, முடிவு ஏமாற்றம்' எண்டு எழுதியிருந்தா. டானியல், 'எழுத்துப் பிழைகள் நாற்பத்திரண்டு' எண்டு மட்டும் எழுதிப்போட்டுக் கீழை ரெண்டு கோடு கீறியிருந்தான். புத்தூரிலை தோட்டம் செய்யிற ஏரம்பு, 'விசத்தை ஏன் எங்கடை கிணத்துக்கை போட்டவர்? நாங்கள் வெங்காயத்துக்கு எதை இறைக்கிறது?' எண்டு கேட்டிருந்தார். எனக்கு ஒவ்வொருத்தரிலையும் ஒரு சந்தேகம். எழுதினது நான்தான் எண்டு தெரிஞ்சுதான் உப்பிடிக் குத்துகினமோ எண்டு முகத்தை முகத்தைப் பாப்பன். ஒண்டும் பிடிபடாது. ஆனாலும் அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டன். பொறுமை எனக்குப் பிறவியிலையே இருக்கு.

பேந்துதான் சோமசேகரம் மாஸ்ரர் எழுதினவர். இரசாயனம் படிப்பிக்கிறவர். பெரிய சிரிப்புக்காரன், அவர் வந்தால் பேப்பர் வாசிக்கிறவையும் பேப்பரை வைச்சுப்போட்டுக் கதைக்கத் தொடங்கிவிடுவினம். ஒரு தாளின்ரை ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்திலை எழுதியிருந்தார். மேலை சம்பிரதாயத்துக்கு நாலைஞ்சு வரி. அதைப் பேந்து சொல்லுறன். அதுக்குக் கீழை முழுக்கத் திருத்தம். இந்த மாதிரி வாயுவைச் சோடாப் போத்திலிலை அடைக்கேலாது, கொண்டக்டர் ரிக்கற் கிழிக்க முதல் பஸ்சோடை எல்லாரும் முடிஞ்சிருப்பினம், அதுக்கு எப்பிடிப்பட்ட பாத்திரம் வேணும், என்ன சூட்டிலை வைக்கவேணும், முருங்கையிலைச் சாறு கறிக்குத்தான் சரி எண்டு ஒவ்வொண்டா எழுதி, கீழை வடிவா முழுப்பேரும் போட்டுத் திகதியும் இட்டிருந்தார்.

எழுதினதோடை நிண்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பேப்பர் மேசையிலை இருந்துகொண்டு அதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினவர். பாலேஸ்வரி ரீச்சர் லேஞ்சியாலை கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிச்சா. டானியல் மேசையிலை அடிச்சுச் சிரிச்சான்.

"காரியதரிசியார், உந்த நாகமைந்தன் ஆரெண்டு விசாரிச்சுச் சொல்லுங்கோ, ஆளுக்கு ஒருக்கா ரியூஷன் குடுக்கவேணும்," எண்டு மாஸ்ரர் என்னைப் பாத்துச் சொன்னவர்.

நானும் சிரிச்சனான். அண்டையிலை இருந்து வாசிகசாலைக்குள்ளை ஆராவது இருமினால், மற்றாள் "முருங்கையிலைச் சாறு குடியுங்கோ" எண்டு சொல்லுறது வழக்கமாப் போச்சு. பள்ளிக்கூடப் பிள்ளையளும் பழகிவிட்டுதுகள். நான் ஒருநாள் தடிமனோடை போய், மூண்டு மணித்தியாலம் இருமலை அடக்கிக்கொண்டு இருந்தனான். நெஞ்சு நொந்தது. எரிச்சல் எரிச்சலாத்தான் வந்தது, அதை மறைக்க மாட்டன்.

ஆனால் எரிச்சலாலை நான் ஒண்டும் செய்யேல்லை. அதை நீங்கள் வடிவா எழுதவேணும். எனக்கு வந்தது சந்தேகம். ஒரு சாதாரண பள்ளிக்கூட வாத்தியாருக்கு விஷவாயுவைப் பற்றி உவ்வளவு எப்பிடித் தெரியும்? யோசிக்க யோசிக்க ஒவ்வொண்டாப் பிடிபட்டது. அவரின்ரை சைக்கிள் கரியரிலை எப்பவும் ஒரு தகரப் பெட்டி. வீட்டு யன்னலிலை வரிசையாப் போத்தில்கள். ஒருநாள் குளோரின் மணம் வந்தது. கிணத்துக்குப் போட்டது எண்டு அருந்ததி சொன்னா. ஊரிலை எல்லாரும் கிணத்துக்குக் குளோரின் போடுறதுதான், ஆனால் எல்லாரும் ஒரு பக்கம் நிறைய எழுதேல்லையே. சந்தேகம் வந்தால் அறிவிக்கிறது ஒரு பிரசையின்ரை கடமை. அந்த நேரம் காம்பிலை இருந்தவையும் அதைத்தான் நோட்டீசு அடிச்சு ஒட்டியிருந்தவை. காம்பிலை ஆர் இருந்தவை எண்டு கேக்காதையுங்கோ, எங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஆள் மாறும், காம்ப் மாறாது.

மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போடுறது எங்களுக்குப் புதிசே, ஐயா? வேலிச் சண்டைக்கும் பெட்டிசம், வேலை மாற்றத்துக்கும் பெட்டிசம். நான் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிச்ச இங்கிலீசிலை மூண்டே மூண்டு வரி எழுதினன். இணைப்பிலுள்ள தாளை எழுதினவர் இன்னார், இன்ன முகவரி, இவருக்கு இந்த விஷயங்கள் எப்பிடித் தெரியும் எண்டு விசாரிப்பது நல்லது. அதிலை ஒரு பொய் இல்லை. பேர் போடேல்லை. பெட்டிசத்துக்குப் பேர் போடவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. காம்ப் வாசலிலை ஒரு பெட்டி தொங்கினது. வேலைக்குப் போற வழிதானே, போட்டுவிட்டுப் போனன்.

தாளைப் பற்றிக் கேக்கிறியள். ஓம், புத்தகத்திலை இருந்து பிளேட்டாலை வெட்டி எடுத்தனான். புத்தகத்துக்குச் சேதம் வராமல்தான் வெட்டினனான். மேலை இருந்த அந்த நாலைஞ்சு வரியையும் வேறையா வெட்டினனான். தாள் கொஞ்சம் நீளமா இருந்தது, கவருக்குள்ளை அடங்கேல்லை.

மடிச்சிருக்கலாந்தான். ஓம். மடிச்சிருக்கலாம்.

அந்த வரியளிலைதான் புத்தகத்தின்ரை பேர் இருந்தது. அது இல்லாமல் மிச்சத்தை வாசிச்சால், கதையைப் பற்றி எழுதினது எண்டு ஒருத்தருக்கும் விளங்காது. ஒரு இரசாயன வாத்தியார் விஷவாயுவை எப்பிடிக் கொண்டு போறது எண்டு ஆருக்கோ எழுதிக் குடுத்த மாதிரித்தான் இருக்கும். எனக்கு அது தெரியும். நான் மர்மக் கதை எழுதுற ஆள்.

நாலாம் நாள் மாஸ்ரரைக் கொண்டு போச்சினம். அதுக்கு மூண்டாம் நாள் காலமை, பத்து மணியிருக்கும், அருந்ததி சைக்கிளை வேலியிலை சாத்திப்போட்டு ஓடி வந்தா. தலை கூட இழுத்திருக்கேல்லை.

"கிருபை அண்ணை, அந்தப் பீப்பாக் கதைப் புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ. இவர் உள்ளை சொல்லியிருக்கிறார், நான் எழுதினது கதையைப் பற்றி, மேலை கதையின்ரை பேரும் எழுதினனான் எண்டு. அந்த மேல்துண்டையோ புத்தகத்தையோ கொண்டுவந்து காட்டினால் விடுவினமாம். காம்பிலை இருக்கிற பெரியவர் தன்ரை வாயாலை சொன்னவர், அண்ணை. இவரை வேறை காம்புக்குக் கொண்டு போக மத்தியானம் வாகனம் வருதாம். அதுக்குள்ளை போகவேணும்."

புத்தகம் என்ரை மேசை லாச்சிக்குள்ளை இருந்தது. துண்டு என்ரை சட்டைப் பைக்குள்ளை, மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள்ளை இருந்தது. அவவுக்கும் எனக்கும் இடையிலை ஒரு மேசைதான்.

நீங்கள் நியாயமா யோசிச்சுப் பாக்கவேணும். புத்தகத்தைக் குடுத்தால், எழுதினவன் ஆர் எண்டு காம்பிலை கேப்பினம். அச்சுக்கூடத்துக்குப் போவினம். நான் அகப்பட்டால் வாசிகசாலையை ஆர் பாக்கிறது? துண்டைக் குடுத்தாலோ, அது என்னட்டை எப்பிடி வந்தது எண்டு அவவே கேப்பா. அதாலை இரவல் கொப்பியை எடுத்து, நிதானமா ஒவ்வொரு பக்கமாத் தட்டினன். அவ மேசை விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

"புத்தகம் இரவலிலை வெளியிலை போய்விட்டுது, தங்கச்சி," எண்டு சொன்னன். "குருநகர்க் கத்தரீனா எண்ட பிள்ளை கொண்டு போயிருக்கிறா. மாதா கோயிலடியிலை கேளுங்கோ, காட்டுவினம்."

அப்பிடி ஒரு அங்கத்தவர் எங்களுக்கு இல்லை. பேர் சட்டெண்டு வாயிலை வந்தது. கதை எழுதிப் பழகினால் பேர் தானா வரும்.

அவ அந்த வெய்யிலுக்குள்ளை சைக்கிளிலை குருநகருக்குப் போனா. வழியிலை ரெண்டு இடத்திலை மறிச்சுச் செக் பண்ணினவையாம். மாதா கோயிலடியிலை ஏழு கத்தரீனாக்களின்ரை வீட்டுக் கதவைத் தட்டினவவாம். ஒருத்தியும் புத்தகம் எடுக்கேல்லை. திரும்பிக் காம்புக்குப் போகேக்கை இரண்டரை மணி. வாகனம் அவரை ஏத்திக்கொண்டு ஒரு மணிக்கே போய்விட்டுது. எந்தக் காம்புக்கு எண்டு பேந்து ஒருத்தரும் சொல்லேல்லை.

அதுக்குப் பிறகும் அவ என்னிலை கோவிக்கேல்லை. "அண்டைக்குக் கொப்பியெல்லாம் புரட்டிப் பாத்துத் தந்தது கிருபை அண்ணை ஒராள்தான்" எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறா. நாகமைந்தனுக்கும் எழுதினவ. எழுத்தாளர் முன்வந்து ஒரு சொல்லுச் சொன்னால் காணும் எண்டு நம்பி, அச்சுக்கூடத்துக்கு ஆறு கடிதம் போட்டவ. ஆறும் எனக்குத்தான் வந்தது. 'ஐயா, உங்கள் கதையை என் கணவர் மிகவும் விரும்பி வாசித்தார்' எண்டுதான் ஒவ்வொண்டும் தொடங்கும். நல்ல கையெழுத்து. ஆறையும் பத்திரமா வைச்சிருக்கிறன்.

இத்தனை வருஷம் சும்மா இருந்துபோட்டு இப்ப ஏன் சொல்லுறாய் எண்டுதானே பாக்கிறியள். நீங்கள்தானே சொன்னியள், சத்தியக் கடதாசியிலை சொந்தப் பேர் போடவேணும் எண்டு. நான் பேரில்லாமல் எழுதுறதை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாத ஆள். அதோடை, ஒரு நாவல் எழுதினவன் தன்ரை பேரை எத்தினை காலத்துக்கு மறைச்சு வைக்கிறது?

ஆகவே இப்பிடி எழுதுங்கோ. பெட்டிசம் போட்டது நான். தாளை வெட்டினதும் நான். விட்டுவிடுவினம் எண்டு தெரிஞ்சுகொண்டும், இல்லாத கத்தரீனாவைத் தேடி அவவைக் குருநகருக்கு அனுப்பினதும் நான். கையெழுத்து வைக்கிறன். அவவை உள்ளை கூப்பிட்டு நீங்களே வாசிச்சுக் காட்டுங்கோ. நான் வாசிச்சால் அவ அழுவா.

இதுதான் அந்தத் துண்டு. கண்ணாடிக் கூட்டுக்குள்ளை வைச்சபடியாலை மூலை மடியேல்லை, பாருங்கோ. நான் வாசிக்கிறன்: 'பதினோராவது பீப்பா என்னும் இந்தக் கதையைத் தொடங்கினால் கீழே வைக்க மனம் வராது. ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். இதை எழுதியவர் எங்கள் ஊரவராக இருந்தால் நாங்கள் பெருமைப்படவேண்டும். கதையில் வரும் வாயுவைப் பற்றி மட்டும் ஒரு வாத்தியாராகச் சில திருத்தங்கள்.'

எரிக்கத்தான் நினைச்சனான், ஐயா. பல தரம் நெருப்புப் பெட்டியைக் கையிலை எடுத்தனான். மனம் வரேல்லை.

அதைப் பாத்து ஒரு பிரதி எழுதிப்போட்டு, துண்டை என்னட்டைத் திருப்பித் தாங்கோ. என்ரை எழுத்தைப் பற்றி ஒராள் மனசார எழுதினது அது ஒண்டுதான்.