அவிழ்க்காத முடிச்சு

செம்மலை: இங்குட்டு வேப்பமரத்தடியில என்னடா பண்ற, ஹபீப்? பரீட்சை ஹாலு அங்குட்டுல்ல இருக்கு!

ஹபீப்: வந்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு சைக்கிள் செயின் கழண்டு கெடந்துச்சு... மாட்டிவிட்டேன்.

செம்மலை: யாரு சைக்கிளு?

ஹபீப்: தெரியல.

செம்மலை: நல்லாருக்குடா! எம்.ஏ.ல ஒனக்குப் பாக்கி நிக்கிற ஒரே தாளு... ஹால் டிக்கெட் எங்க?

ஹபீப்: மறக்கக் கூடாதுன்னு கைக்குட்டையில முடிச்சுப் போட்டேனே...

செம்மலை: முடிச்சு இருக்கு. டிக்கெட்டு?

ஹபீப்: ரூமுலயே விட்டுட்டேன் போல.

செம்மலை: இந்தா. தலகாணிக்கடியில கெடந்துச்சு. எந்திரி.

ஹபீப்: நான் போகல.

செம்மலை: வெளையாடாத.

ஹபீப்: போன வருசமும் எல்லாந்தான் தெரிஞ்சிருந்துச்சு. கேள்விய வாசிச்சேன்... ஃபேன் சத்தம்... வெளிய எவனோ இருமுனான்... மொத வரி எழுதுறதுக்குள்ள மணி அடிச்சுட்டாக. பேராசிரியர் சோம்பேறின்னாக. பெத்த அத்தாவே திமிருன்னாக. நான் சோம்பேறியாடா?

செம்மலை: சோம்பேறி ஊரான் சைக்கிளுக்குச் செயின் மாட்டுவானா?

ஹபீப்: சிரிக்காத.

செம்மலை: சிரிக்கலடா... ரூமுல நான் எதுக்க உக்காந்தா படிக்கிறேல்ல?

ஹபீப்: அதத்தான் சொல்றேன். நீ பக்கம் பொரட்டுற சத்தம் கேட்டா எனக்கு மனசு நிக்கும். நீ எந்திரிச்சா நானும் எந்திரிச்சிருவேன். ஹாலுல எனக்கு யாரு உக்காருவா?

செம்மலை: நாந்தான். ஒனக்குப் பின்னாடி, கடைசி பெஞ்சு.

ஹபீப்: ...நீயும் எழுதப் போற?

செம்மலை: பெறகு? ரெண்டு மாசமா ஒனக்கெதுக்க உக்காந்து வேடிக்கையா பாத்தேன்?

ஹபீப்: ஊர்ல ஒங்க அய்யாவுக்கு எப்படி இருக்கு?

செம்மலை: படுத்த படுக்கதான். ஆத்தா ஒத்தையில வயக்காட்டப் பாக்குது. அத இப்ப எதுக்குக் கேக்குற?

ஹபீப்: சும்மாதான்... ஹாலுல ஒன்னயத் திரும்பிப் பாக்கலாமா?

செம்மலை: பாக்காத. காப்பியடிக்கிறேன்னு வெளிய தள்ளிருவாக. பக்கம் பொரட்டுற சத்தம் கேக்குதுன்னு நெனச்சுக்க. மொத வரிய மட்டும் எழுது. இந்தத் தடவையும் போச்சுன்னா ஒங்க அத்தா ஒன்னயப் பினாங்குக் கடைக்குக் கூட்டிப் போயிருவாக.

ஹபீப்: தெரியும்.

செம்மலை: மணி அடிச்சாச்சு, நட. கைக்குட்டைய உள்ள வையி... எத்தன முடிச்சுடா! எதுக்குப் போட்டதுன்னு ஒண்ணாச்சும் ஞாபகம் இருக்கா? இந்தா, கல்லாட்டம் இறுகிப்போன பழசு... இது?

ஹபீப்: அது ஒண்ணுதான் மறக்கல. அய்யாவப் பாக்க ஊருக்கும் காலேசுக்கும் அலஞ்சதுல ஒனக்கு அட்டெண்டன்ஸ் பத்தாமப் போச்சு, பரீட்சைக்கு விடலன்னு ஆபீசுல சொன்னாகல்ல... அன்னிக்குப் போட்டது. ‘செம்மலைய ஊருக்குப் போகச் சொல்லணும்’னு. தெனமும் பாத்தேன், தெனமும் ஞாபகம் வந்துச்சு. சொன்னா நீ போயிருவன்னுதான் சொல்லல... இல்லாத கடைசி பெஞ்சு வேணாம்டா. நீ சிங்கம்புணரி பஸ்ஸப் பிடி. சத்தத்த நான் நெனச்சுக்கிறேன்.