இருபதடி முகம்

ஹலோ... டேய் தம்பி, அக்காதான். போனை வைக்காதே... ஆமா, கடையிலதான்... என்ன சத்தமா? நம்ம கண்ணாடிக் கதவுடா. இப்பதான் நொறுக்கினாங்க... இரும்புக்கடை முதலாளி. கூட நாலு பேரு, ஆளுக்கொரு கம்பி... ஆமா, ஆமா, செத்துப்போன அவங்க அண்ணன் படம்தான். இருபதடி பேனர்.

அந்தப் படத்தை என்னடா பண்ணித் தொலைச்சே?... மீசையைக் கருப்பாக்கச் சொன்னாங்க, சரி. எதுல திறந்தே?... போட்டோ சாப்ட்வேர்லயா! பாவி! அது கோட்டுல வரைஞ்ச படம்டா, எவ்வளவு இழுத்தாலும் உடையாது. போட்டோ சாப்ட்வேர்ல திறந்தா அத்தனையும் புள்ளியாயிடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே... திறக்கும்போது என்ன அளவு வேணும்னு கேட்டுதா இல்லையா?... பாக்காமலே ஓகேவா? உள்ளங்கை அளவுடா அது! அதை இருபதடிக்கு இழுத்ததுல மூஞ்சி பூரா செங்கல் அடுக்கின மாதிரி கட்டங்கட்டமா நிக்குது... மாமா பாக்கலையாவா? கண்ணாடி போடாம அச்சுக்கு விட்டுட்டாரு உங்க மாமா!

சிரிக்காதே! அவங்க அண்ணனைப் போலீஸ் பிடிச்சப்ப டிவியில முகத்தை இப்படித்தான் மறைச்சுக் காட்டினாங்களாம். நாம வேணும்னே குத்திக் காட்டினோம்னு வந்திருக்காங்க...

ஐயா! ஐயா, பேசிட்டுத்தான் இருக்கேன்! அவரை விடுங்க ஐயா!

...ஆமாடா, மாமாவைத்தான். மேசையில கவுத்துப் போட்டு அமுக்கியிருக்கான் ஒரு சிவப்புச் சட்டைக்காரன். உதடு கிழிஞ்சு ரத்தம் ஒழுகுது... யாரு பண்ணினதுன்னு கேட்டாங்க. 'நான்தான்'னுட்டாரு. உன் பேரு வரலை... அழாதே. இப்ப அழுறதுக்கு நேரமில்லை ராசா. பத்து நிமிஷத்துல உருப்படியான முகம் காட்டலைன்னா மாமா விரலை ஒவ்வொண்ணா ஒடிப்பாராம் முதலாளி...

அதே பேர்லயே சேவ் பண்ணிட்டியா? பழசு மேலயேவா?... நல்லா இருடா நீ! அந்தப் படத்தை வரைஞ்சு குடுத்தவரு உன் மெயிலுக்குத்தானே முதல்ல அனுப்பினாரு? தேடு... நிதானமாத் தேடு... இருக்கா? இருக்கா! அப்படியே அனுப்பு. தொடாதே, திறக்காதே, மீசையை நான் பாத்துக்கறேன்...

வந்துடுச்சு... இரு. ஐயா, இங்க வாங்க, இந்தத் திரையைப் பாருங்க. இழுக்கறேன்... இன்னும் இழுக்கறேன்... கண்ணு மட்டும் திரை முழுக்க வந்துடுச்சு, ஒரு பிசிறு இருக்கா ஐயா?...

டேய், முதலாளி கம்பியைக் கீழே போட்டுட்டாரு. விரலால அந்தக் கண்ணைத் தடவுறாரு... ஆமாடா, மாமாவை விட்டுட்டாங்க. உட்கார வெச்சிருக்கேன். விரலெல்லாம் முழுசா இருக்கு...

என்னங்கய்யா? இப்பவே அச்சடிச்சுத் தரணுமா?... எதுல ஐயா அடிக்கறது? மெஷினைத்தான் வந்ததும் வராததுமா உங்க ஆளு பிளந்து போட்டுட்டாரே... அதோ, அவருதான், சிவப்புச் சட்டை...

தம்பி... ஐயோ, நான் ஏண்டா சொன்னேன்!... ஐயா, கம்பியை எடுக்காதீங்க, வேணாம்! ஐயா, உங்க ஆளுய்யா அவரு! தலையில அடிக்காதீங்க! யாராவது பிடிங்கய்யா!... ஏங்க, நீங்க எந்திரிக்காதீங்க, நான் போறேன்...

டேய், நீ வை. ஆம்புலன்சுக்குப் போடணும்... மாமாவுக்கில்லடா. மாமாவை அமுக்கினானே, அவனுக்கு... ஆமா, அவனுக்குத்தான்! மூச்சு இழுக்குதுடா, வை போனை!