ஒற்றை அறை இதயத்துக்கு இன்னொரு கம்பி கேட்டவருக்கு

இன்று காலை தங்கள் பணிநிறைவு விழாவில் முன்வரிசை நடுவில் துறைத் தலைவர் டாக்டர் சுயம்புராஜ், அவருக்கு வலப்புறம் தலைமைச் செவிலியர் ஸ்மைலின், இடப்புறம் தங்கள் துணைவியார் ஜெமி அம்மையார், கதவருகே தங்கள் உதவியாளர் வினோஜ் கையில் ரோஜா மாலையுடன். தங்கள் நாற்காலி காலி. மாலையை அதில் போடப் போன வினோஜை ஸ்மைலின் அதட்டினார்: “ஏலே, ஆளு உயிரோட இருக்காருலே. கையிலயே வச்சிரு.”

பெருமதிப்பிற்குரிய ஜான்ரோஸ் அவர்களே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இதயப் பரிசோதனை அறையின் இமையாய் இருந்தவரே, பதறி வந்தோரைப் பரிவோடு படுக்க வைத்தவரே, இ.சி.ஜி. பட்டைத்தாளின் கோட்டைப் படிப்பதில் பிழையறியாதவரே என்று விழாவில் வாசிக்கும் வாழ்த்துமடலில் எழுதினோம். ‘பிழையறியாதவரே’ என்பதை அடித்துவிடச் சொன்னவர் தாங்களே.

காரணம் கொட்டாரத்து அபிதா. இரண்டு அறைகள் சேர்ந்து இறைக்க வேண்டிய இரத்தத்தை ஒரே அறையால் இறைக்கும் இதயம் அவளுக்குப் பிறவியிலேயே. பதினான்கு வயதில் துடிப்பு குறைந்ததால் பேஸ்மேக்கர் வைத்து, அதன் கம்பியை அந்த அறையின் ஒரு பக்கத்தில் தைத்தார்கள். ஆறு மாதத்துக்கொரு முறை தாய் பூங்கனி அழைத்து வருவார். தாங்கள் பேட்டரியும் கம்பியும் பார்த்து ‘நன்றாக இயங்குகிறது’ என்று முத்து முத்தாய் எழுதுவீர்கள். பதினாறு முறை எழுதினீர்கள். இருபத்திரண்டாம் வயதில் கால் வீங்கி, மூச்சிரைத்து வந்தாள். மாற்று இதயம்தான் வழி என்ற பேச்சு எழுந்தது.

அன்று பூங்கனி கண்டது இது. ஜான்ரோஸ் சார் பேஸ்மேக்கர் வைக்கும் முன் எடுத்த தாளையும் அன்றைய தாளையும் அருகருகே வைத்தார். பழைய தாளில் துடிப்புக் கோட்டின் கூர்முனை ஒடுங்கியிருந்தது. புதியதில் இருமடங்கு அகலம். அவர் இரண்டையும் மறுபடி மறுபடி அளந்தார்.

“மெஷின் கெட்டுப் போச்சா சாரே?”

“இல்லம்மா, நல்லா ஓடுது. அதுதான் புள்ளைய இப்பிடி ஆக்கிருக்கு. கம்பி உள்ள பக்கம் முந்திச் சுருங்குது, மறுபக்கம் பிந்திச் சுருங்குது. பாதி அடி வீணாப் போவுது. இத்தன வருசம் நான் மெஷினப் பாத்தேன், இதயத்தப் பாக்கல்ல.”

எட்டு வருடம் அந்தக் கருவிக்காகச் சபையில் நன்றி ஏறெடுத்தவர் பூங்கனி. படுத்திருந்த அபிதாதான் கேட்டாள்: “அப்ப எனக்கு ஒரு கம்பி பத்தாதுன்னு சாருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?”

ஸ்கேன் தங்கள் சொல்லை உறுதி செய்தது. தாங்கள் கேட்டதன்பேரில், எதிர்ப்பக்கத்தில் இரண்டாம் கம்பி தைத்து, இரு பக்கத்தையும் ஒருசேரத் துடிக்க வைத்துப் பார்க்கலாம் என்றார்கள் திருவனந்தபுரத்து மருத்துவர்கள். சிறுவயது அறுவைகளையும் சேர்த்து நான்காம் முறையாக நெஞ்சைத் திறக்க வேண்டும், பலன் நிச்சயமில்லை. குறித்த நாள் தங்கள் பணிநிறைவு நாளாய் அமைந்தது. “விழாவ நீங்க நடத்துங்க, நான் அங்க நிக்கணும்” என்று கிளம்பிவிட்டீர்கள்.

அந்த வாழ்த்துமடலைப் பாதி வாசிக்கையில் தங்கள் அழைப்பு வந்தது. ஜெமி அம்மையார் கைபேசியை ஒலிவாங்கியருகே பிடித்தார்.

“ரெண்டு கம்பியும் ஒண்ணா அடிக்குது. கோடு ஒடுங்கிட்டு. புள்ள இன்னும் முழிக்கல்ல. இதயம் தேறுதான்னு தெரிய மாசக்கணக்காவும். மக்கா வினோஜு, இவளப் போல ஒத்த அறையும் ஒத்தக் கம்பியும் உள்ளவங்க ஃபைலெல்லாம் எடு. நான் எழுதுனத நம்பாத.”

யாரும் கைதட்டவில்லை. எழுந்து ஆவண அறைக்குப் போனோம்.

நெடுநாள் நலமுடன் வாழ்க, நித்தமும் நிம்மதியாய் உறங்குக என வேண்டும், இதயப் பிரிவு ஊழியர்கள்.

ஐந்து ஃபைல்கள் கிடைத்தன. இரண்டில் கோடு அகன்றிருக்கிறது. அவ்விரண்டின் நகல்களையும் இம்மடலோடு உறையிலிட்டு, நான்கு மணித் திருவனந்தபுரம் பேருந்தில் வினோஜிடம் கொடுத்தனுப்புகிறோம்.