பித்தளைக் குமிழ்

ரேடியோ வாங்க வருகிறவர்கள் முதலில் பெட்டியின் மரத்தைத்தான் தட்டிப் பார்ப்பார்கள், ஐயா. உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால் உள்ளே பூட்டும் சாமான்களைத் தேர்ந்தெடுப்பது முழுக்க, பெட்டியைச் செய்து கொடுக்கும் என் பொறுப்பாகிவிடும். காஜா பெராங் வட்டாரத்தில் என் கடைப் பெட்டியை யாரும் குறை சொன்னதில்லை.

துணிக்கடை தேவதாஸ் அண்ணன் மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்தின மாதம் வந்தார். பகலில் கடை வாசலில் மைக் பிடித்து மலிவு விற்பனை கூவ வேண்டும், சாயங்காலம் சிலோன் பாட்டுக் கேட்க வேண்டும்.

“ரெண்டு பெட்டி வாங்க எனக்கென்ன கிறுக்கா தம்பி? ஒண்ணுலயே ரெண்டும் நடக்கணும். நீயே பாத்துப் போடு லா.”

பேசிக்கொண்டே விரலை நாக்கில் நனைத்து நனைத்து என் விலைப்புத்தகத்தைப் புரட்டினார். அதே விரலால் கண்ணாடி வால்வுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் போன பிறகு எல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. வாரம் முழுக்க வந்தார். கடைசி நாள் என் திருகாணி டப்பாவை இழுத்து அதில் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். அவர் போனதும் டப்பாவைத் திருகாணிகளோடு சாக்கடையில் எறிந்தேன். நீங்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கலாம்.

மைக்குக்காகப் பெரிய ஒலிபெருக்கி, பாட்டுக்காக உயர்ந்த வால்வு. அதிலெல்லாம் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. டிரான்ஸ்பார்மரை மட்டும் விட்டுவிட்டேன். அது இல்லாமலும் பெட்டி பாடும். வீட்டு மின்சாரம் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தில் நேராக வந்து நிற்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட பெட்டிக்கு மின்சாரம் பாயாத பேக்லைட் குமிழ்தான் போட வேண்டும். நான் பித்தளையில் போட்டேன். எச்சில் விரலுக்கு அது போதும்.

பெட்டியைக் கடைக்குப் பின்னாலேயே இருந்த அவர் வீட்டுக் கூடத்தில் நானே வைத்து, சுவர் சுவிட்சையும் போட்டேன். வெள்ளிக்கிழமை என்பதால் தரை கழுவி ஈரமாக இருந்தது. அவர் மனைவி சிவகாமசுந்தரி அண்ணி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“இருங்க தம்பி. புதுப் பெட்டி, பொட்டு வைக்காம தொடக்கூடாது. அவரு குளிச்சிட்டு வரட்டும், நீங்க தேத்தண்ணி குடிங்க.”

எந்தப் புது யந்திரம் வந்தாலும் நம் வீடுகளில் இதுதான் வழக்கம். அதை யோசிக்காமல் போனது என் தப்பு. கை நீட்டினால் சுவிட்ச் எட்டும். ஆனால் அணைத்தால் ஏன் என்று கேட்பார்கள். அண்ணி சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, முதல் பொட்டைக் குமிழில் வைத்தார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அண்ணி விழுந்த சத்தம் கேட்டு அண்ணன் இடுப்புத் துண்டோடு ஓடிவந்தபோதுதான் சுவிட்சை அணைத்தேன். ஊரே விதி என்றது, அவரும் நம்பினார். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“கடைசி நேரத்துல நீயாவது பக்கத்துல இருந்தியே தம்பி.”

கண்ணீரும் மூக்குச்சளியும் எச்சிலும் என் கைமேல் வழிந்தன. அண்ணியின் முகம் எனக்கு மங்கிவிட்டது. அந்த ஈரம் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. இதைக் கேட்டால் அண்ணன் இந்த ஸ்டேஷனுக்கே வருவார். உள்ளே விடாதீர்கள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லி மறுபடியும் என் கையைப் பிடிப்பார்.