வீட்டு விதி எண் நான்கு

– கதவைத் தட்டுன்னா தட்ட வேண்டியதுதானே? அதுல என்ன உனக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

– நல்லா கேட்டுக்கோ அண்ணா. நீ நாள் வாடகைக்கு விடுற அம்மா வீட்டு வாசல்ல நிக்கிறேன். ஒரு கையில உன் விருந்தாளிக்குப் பன்னண்டு வெள்ளைத் துண்டு. இன்னொரு கையில நீ. மூணாவது கை இன்னும் முளைக்கல.

– துண்டைக் கீழ வை.

– வெள்ளைத் துண்டைத் தரையிலயா? அப்புறம் அழுக்குன்னு எவனாவது ஒரு ஸ்டார் குறைச்சா அதுக்கும் என்னைத்தானே தாளிப்பே?

– ஏய், நான் ஆபீஸ் படிக்கட்டுல நின்னு பேசுறேன். சத்தமாக் கூடப் பேச முடியல. சிம்பிளாச் சொல்றேன். உள்ள இருக்கிறவங்களை வெளிய அனுப்பு. இன்னைக்கே.

– போன வாரம் வரைக்கும் தங்கமான விருந்தாளின்னு தலையில தூக்கி வச்சு ஆடினே. சத்தம் இல்ல, புகார் இல்ல, சுத்தம் பண்ணக்கூட ஆள் வேண்டாங்கிறாங்கன்னு. ஒரே வாரத்துல தங்கம் எப்படித் தகரமாச்சு?

– காலையில வக்கீல் மெயில் போட்டிருக்கார். நம்ம ஊர்ச் சட்டப்படி முப்பது ராத்திரி வரைக்கும்தான் விருந்தாளியாம். முப்பத்தொண்ணு ஆச்சுன்னா வாடகைக்காரராம். அப்புறம் கோர்ட்டுக்குப் போகாம அவங்களை அசைக்க முடியாதாம்.

– போயேன் கோர்ட்டுக்கு. வீட்டைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனிக்கு முதலாளிதானே நீ?

– அங்கதான் சிக்கலே. கம்பெனி வெளிநாட்டுக் கம்பெனி. அது நம்ம ஊர்ல கேஸ் போடணும்னா டைரக்டர் நேர்ல வந்து நிக்கணும், ஒவ்வொரு வாய்தாவுக்கும். எனக்கு வருஷத்துக்குப் பதினாலு நாள்தான் லீவு. நேத்து ராத்திரியோட முப்பது முடிஞ்சுது. இன்னைக்கு அந்தக் கட்டில்ல அவங்க தலை வச்சாங்கன்னா கதை முடிஞ்சுது. புரியுதா? யாரைக் கேட்டு அவங்க தங்குறதை நீட்டிச்சே?

– நான் நீட்டிச்சேனா? உன் சிஸ்டம் நீட்டிச்சுது! ஆள் வராத மாசத்துல வீடு காலியாக் கிடக்குதேன்னு மாசத் தள்ளுபடி போட்டது யாரு? யார் கேட்டாலும் தானா ஓகே ஆகுற மாதிரி பட்டனை அமுக்கினது யாரு? ‘நான் தூங்கும்போதும் வீடு வேலை செய்யுது பார்’னு பீத்திக்கிட்டது யாரு?

– சரி சரி. மணி அடி.

– அடிச்சாச்சு. யாரும் வரல.

– திரும்ப அடி. பூட்டோட நம்பர் உனக்குத் தெரியுமே, திறந்துட்டு உள்ள போ.

– ஆள் இருக்கும்போது நம்பர் மாறிடும். அதுவும் உன் ஏற்பாடுதான். நான் பெருக்கித் துடைக்கிறவ. என்கிட்ட ஒரு சாவி கூடக் கிடையாது, அந்த வீட்ல பொறந்து வளர்ந்ததுக்கு.

– ஆரம்பிச்சுட்டியா?

– இன்னும் ஆரம்பிக்கல.

– அம்மா காதுல இதெல்லாம் போடாதே. வீணாக் கவலைப்படுவாங்க.

– அம்மா! உன் வாயில அந்த வார்த்தை வந்துடுச்சே, மழை கொட்டப் போகுது. ‘பெயின்ட் வாசம் ஒத்துக்காது, ரெண்டே வாரம் தங்கச்சி வீட்ல இரும்மா’ன்னே. அஞ்சு மாசம் ஆச்சு. இன்னுமா பெயின்ட் காயல?

– உன்கூட இருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போச்சு? பெத்த தாய்தானே?

– வாயை அலம்பிட்டுப் பேசு. என் வீடு ரெண்டு ரூம். அதுல அம்மா படுத்தது துவைக்கிற மெஷினுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல. மெஷின் ஓடினா கட்டிலும் கூடவே ஓடும். ‘ரயில்ல போற மாதிரி இருக்கு, என்ன, ஸ்டேஷன்தான் வரல’ன்னாங்க ஒருநாள். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. அதான், போன மாசம் சித்தி வீட்டுக்குப் போறேன்னதும் தடுக்கல.

– சித்தி வீட்ல நல்லாத்தானே இருக்காங்க?

– தினம் சாயங்காலம் போன் பண்றாங்க. நல்லா இருக்கேன், நல்லா தூங்குறேன்னு.

– சித்திகிட்ட பேசினியா?

– சித்திக்குக் காது சுத்தமா நின்னு போச்சு. நான் ‘அம்மா எப்படி இருக்காங்க’ன்னா அவங்க ‘கத்திரிக்கா கிலோ எவ்வளவு’ங்கிறாங்க. அதை விடு. நீ உன் இணையப் பக்கத்துல போட்டிருக்கியே, ‘அமைதியான எழுத்து மேசை, பழைய காலத்து அழகு’ன்னு. அது யார் மேசை? முப்பத்தொரு வருஷம் பத்திரப்பதிவு ஆபீஸ்ல எழுத்தரா இருந்து, அந்த ஆபீஸ் ஏலம் விட்டப்ப அம்மா எடுத்துட்டு வந்தது. அதுல இருக்கிற மைக்கறைக்குக் கூட நீ காசு பண்றே.

– அந்த மேசையை வச்சு ஏழு பேர் நல்ல விமர்சனம் எழுதியிருக்காங்க.

– ஏழு பேர் எழுதினாங்க. எழுதவேண்டியவங்க மெஷின் பக்கத்துல படுத்திருந்தாங்க.

– இதோ பார், நான் எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஓடுறேன். ஊர்ல இல்லாதவன் பேர்ல அங்க விருந்தினர் வீடு பதிய மாட்டாங்க. இங்க வேலை விசாவுல இருக்கிறவன் தன் பேர்ல தொழில் பண்ணக் கூடாது. அதான் மூணாவதா ஒரு நாட்டுல கம்பெனி போட்டேன். எல்லாமே சட்டப்படி. சிம்பிள்.

– பொறந்த ஊர் ஒண்ணு, பொழைக்கிற ஊர் ஒண்ணு, கம்பெனி பொறந்த ஊர் ஒண்ணு. அந்த நாட்டு மண்ணை மிதிச்சிருக்கியா நீ?

– மிதிக்க வேண்டாம், அதுதான் அதோட அழகே. பாஸ்போர்ட், ஒரு போட்டோ, ஒரு படிவம். மூணாம் நாள் கம்பெனி கையில. உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடிதானே போட்டேன்? போன தடவை வந்தப்ப அந்த மேசையிலயே உக்காந்து. நீ கூட ‘அவ்வளவுதானா’ன்னு வாயைப் பொளந்தே. அம்மா பக்கத்துல பட்டாணி உரிச்சுக்கிட்டிருந்தாங்க.

– ஆமா, உரிச்சாங்க. அந்தப் பட்டாணி மாதிரியே அவங்களையும் உரிச்சுட்டே. குத்தகைப் பத்திரம் எழுதினியே, இருவது வருஷத்துக்கு வீடு கம்பெனிக்குன்னு…

– கையெழுத்து வாங்கினது நானா? நான் விமானம் ஏறிட்டேன். தாளைக் கொண்டுபோய் நீட்டினது நீ. பேனா மூடியைத் திறந்து கையில கொடுத்தது நீ.

– முகவரிச் சான்றுன்னு சொல்லித்தானேடா அனுப்பினே!

– நான் சொன்னேன். நீ படிச்சியா? உனக்கும் கண்ணு இருக்கே. கிளினிக்ல ஆளைக் குறைச்சு உன்னை வீட்டுக்கு அனுப்பினப்ப, துப்புரவு வேலைக்கு யாரை வச்சுக்கிட்டேன்? வெளியாளையா? வீட்டு விதியெல்லாம் உக்காந்து உக்காந்து யார் எழுதினா? செருப்புப் போட்டு நடக்காதே, சுவத்துல ஆணி அடிக்காதேன்னு… நீதானே அழகா அடிச்சு, கண்ணாடி போட்டு, கூடத்துல மாட்டினே? இப்ப மட்டும் நீ பத்தினி, நான் பாவியா?

– நான் பாவி இல்லேன்னு யார் சொன்னா? ஊர்ல எத்தனை பேர் அம்மாகிட்ட பத்திரத்தைக் கொண்டுவந்து ‘படிச்சு சொல்லுங்கம்மா’ன்னு நிப்பாங்க. ஒத்தை எழுத்து விடாம படிப்பாங்க. நான் நீட்டினதை மட்டும் படிக்காம போட்டாங்க. நீட்டினது பெத்த பொண்ணுன்னு. அதை நினைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கல. முதல் விருந்தாளி வந்த அன்னைக்கு, அம்மா கட்டில் மேல துண்டுல ரெண்டு வாத்து பண்ணி வச்சேன், நீ வீடியோ அனுப்பின மாதிரியே. பண்ணிட்டு அந்த வாத்தையே பார்த்துக்கிட்டு நின்னேன். அறைஞ்சுக்கணும் போல இருந்துச்சு. அறைஞ்சுக்கல. படம் எடுத்து உனக்கு அனுப்பினேன்.

– சரி, அழாதே. இந்த ஆளை மட்டும் வெளிய அனுப்பு. அம்மாவைப் பத்தி அப்புறம் பேசலாம்.

– அப்புறம், அப்புறம். உன் அகராதியில அந்த ஒரு பக்கம்தான் இருக்கு.

– இரு, முன்பதிவைத் திறக்கிறேன். போன் நம்பர் இருக்கும், நானே கூப்பிடுறேன். இது தனி ஆள் இல்ல, ஒரு கம்பெனி பேர்ல போட்டது. பெரிய இடம் போலன்னு சந்தோஷப்பட்டேன்.

– என்ன கம்பெனி?

– டூ வீக்ஸ் ஹோல்டிங்ஸ்.

– என்ன பேர் அது? ரெண்டு வாரம்னு ஒருத்தன் கம்பெனிக்குப் பேர் வைப்பானா?

– என்னவோ. நம்பர் இல்ல, மெயில்தான் இருக்கு. முகவரி… அட.

– என்ன அட?

– அந்த மூணாவது நாடுதான். அதே தெரு. அதே கட்டடம். என்னோடது தபால் பெட்டி ஆயிரத்து நூத்தி நாப்பது. இவங்களோடது ஆயிரத்து நூத்தி அறுபத்தி ரெண்டு.

– உன் பக்கத்து வீட்டுக்காரங்கன்னு சொல்லு.

– சிரிக்காதே. அங்க ஆயிரக்கணக்குல கம்பெனி இருக்கு, தற்செயலா இருக்கும். ஆனா… கம்பெனி போட்டுக் கொடுத்த அந்த ஏஜென்ட் நாலு மாசம் முன்னாடி ஒரு மெயில் போட்டாங்க. ‘உங்க பரிந்துரையில இன்னொருத்தர் சேர்ந்திருக்காங்க, நன்றி, அடுத்த வருஷக் கட்டணத்துல பத்து சதவீதம் கழிவு’ன்னு. நான் யாரையும் பரிந்துரைக்கல. கழிவு வந்தா சரின்னு விட்டுட்டேன்.

– யாரைச் சேர்த்தாங்களாம்?

– பேர் போடல. ‘உங்க குடும்பத்துல இருந்து’ன்னு இருந்துச்சு. நீயா?

– எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

– அப்ப வேற யாருக்கு… ஏய். ரெண்டு வாரம்னு நான் யார்கிட்ட…

– அண்ணா. உள்ள தாழ்ப்பாள் சத்தம் கேட்குது.

– யாரு? யாரு திறக்கிறது? பேசு!

– அம்மா.

– என்ன?

– அம்மா, நீங்க… சித்தி வீட்ல…

– போனை ஸ்பீக்கர்ல போடு சின்னவளே. வாசல்ல நின்னு கத்துறீங்க, தெருவே கேட்குது. பெரியவனே, கேட்குதா?

– அம்மா, நீ அங்க என்ன பண்றே?

– தங்கியிருக்கேன். மேற்படி கம்பெனியோட டைரக்டர் நான்தான். பாஸ்போர்ட், ஒரு போட்டோ, ஒரு படிவம். நீ சொன்ன மாதிரியே சிம்பிளாத்தான் இருந்துச்சு. உன்கிட்ட அழைச்சுட்டுப் போறேன்னு ஆறு வருஷம் முன்னாடி எடுத்துக் கொடுத்தியே, அந்தப் பாஸ்போர்ட். ஒரு முத்திரை கூட விழாம பெட்டியில கிடந்துச்சு. இதுக்காவது உதவிச்சு.

– அம்மா, உனக்கு வீடு வேணும்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

– என் வீட்டை நான் எதுக்குடா கேட்கணும்?

– அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. படிச்சுக் காட்டாம உங்ககிட்ட கையெழுத்து…

– படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல. அன்னைக்கு நீ பேனாவைத் திறக்கிற நேரத்துல மூணு பக்கத்தையும் படிச்சுட்டேன். இருவது வருஷம்னு இருந்துச்சு. என் வயசுக்கு அது ஆயுசுக் கணக்கு. பெத்ததுங்க ரெண்டும் எவ்வளவு தூரம் போகும்னு பார்க்கலாம்னு போட்டேன். ரெண்டு வாரம்னு வாயால சொன்னீங்க, அதை நம்பிக் காத்தேன். மூணாவது வாரம்தான் கம்பெனிக்குப் பேர் வச்சேன்.

– சரிம்மா, சரி. நீ இரு, யார் வேண்டாம்னா? ஆனா இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வந்துடு. கணக்கு முப்பதுல நிக்கட்டும். சட்டச் சிக்கல் இருக்கு, உனக்குப் புரியாது…

– எனக்கா? ஒரு நாள் முன்னாடி வந்துக்கலாமான்னு நான் கம்பெனி பேர்ல செய்தி அனுப்பினேன், யாரோ விருந்தாளின்னு நினைச்சு உன் தங்கச்சி ‘தாராளமா வாங்க’ன்னு பதில் போட்டிருக்கா. அதையும் சேர்த்து எண்ணு. நேத்தோட முப்பத்தொண்ணு. இனி நான் விருந்தாளி இல்ல.

– அம்மா!

– ஆபீஸ்ல வேலை இருக்கும், போ. போனை வை சின்னவளே.

– வச்சுட்டேன்மா. நல்லா வேணும் அவனுக்கு. அம்மா, நகருங்க, கை வலிக்குது, இந்தத் துண்டையெல்லாம் உள்ள வச்சுட்டு வந்துடுறேன். இன்னைக்கு நான் சமைக்கிறேன். ரெண்டு பேரும் உக்காந்து…

– கூடத்துல நீ மாட்டியிருக்கியே வீட்டு விதி, தினம் அதைத்தான் பார்த்துக்கிட்டுச் சாப்பிடுறேன். நாலாவது என்ன, ஞாபகம் இருக்கா?

– …‘தங்குபவர் தவிர வெளியாட்களுக்கு அனுமதி இல்லை.’

– துண்டைப் படியில வச்சுட்டுப் போ.