ஆணி மட்டும் அடித்த சுவர்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் பள்ளி முதல்வர் சூ அம்மையார் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே! மடியில் பிள்ளையும் காலடியில் குடையுமாக வந்திருக்கும் ஷாவ்சிங் நகரத்துத் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் யூன்சியா அண்ணி அவர்களே! உங்கள் எல்லோரையும் இந்தக் கூ வெய்மின் கைகுவித்து வணங்குகிறேன்.

இந்த மண்டபத்துச் சுவருக்கு நான் தூரிகையால் எழுதிய சுருளைத் திறந்துவைக்க அழைத்தீர்கள். 'ஓர் அங்குலப் பொழுது ஓர் அங்குலப் பொன்' என்று பொழுதைப் பொன்னோடு வைத்து நிறுக்கும், பொன் என்றே முடியும் அந்தப் பழைய ஏழெழுத்து! எத்தனை பள்ளிகளுக்கு எழுதினேன்! எத்தனை கடைகளுக்கு எழுதினேன்! முப்பது ஆண்டு எழுதிய எனக்கு, ஒருமுறையாவது அதைப் படிக்கத் தெரிந்ததா? தெரியவில்லையே, பெரியோர்களே!

பாலத்துக்கு அக்கரையில் படகு பழுதுபார்த்த பாங் ஷூகன், அண்ணியின் கணவர், எனக்குப் பள்ளியில் இரண்டு வகுப்பு மூத்தவர். புதுவீடு கட்டியதும் என் கடைக்கு வந்தார்.

"ஊருக்கெல்லாம் எழுதுறியே, எனக்கு ஒண்ணு எழுதக் கூடாதாடா? ஆணிகூட அடிச்சிட்டேன். வீட்டுக்கு வந்து எழுது, அப்படியே ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

நான் என்ன சொன்னேன்? "கைத்தியென், அண்ணே!"

வேறொரு நாள்! வரமாட்டேன் என்பதற்கு நாம் போர்த்துகிற பட்டுத்துணி அல்லவா அது? இந்த ஊரில் அதைச் சொல்லாத வாய் உண்டா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் அன்று சிரித்தேன்.

ஷூகன் அண்ணன் மட்டும் அதை நிஜமான நாள் என்றே நம்பினார். "எந்த நாள்னு சொல்லுடா, மீன் வாங்கணும்ல?" என்பார். வசந்தத் திருநாளுக்குக் கூப்பிட்டார், கைத்தியென் என்றேன். நிலாத் திருநாளுக்குக் கூப்பிட்டார், கைத்தியென் என்றேன். இருமிக்கொண்டே வந்து கூப்பிட்டார். பாவி நான், தலைகூட நிமிராமல் கைத்தியென் என்றேன்! மை காய்ந்துவிடுமாம் எனக்கு! அவர் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனார்.

பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனது அவருடைய சாவுக்கு. சுவரில் ஆணி இருந்தது, ஆணியில் ஒன்றுமில்லை.

"இப்பவாவது எழுதுறீங்களா தம்பி?" என்றார்கள் அண்ணி. "செவப்புத் தாள் வாங்கி வச்சிருந்தாரு. துக்க வீட்ல அது ஆகாதே."

வெள்ளைத் தாளில் எழுதினேன். ஆறெழுத்து வந்தது. ஏழாவது எழுத்து, அந்தப் பொன், வரவேயில்லை. அரைகுறையாகவே அவரோடு எரித்தார்கள்.

மூன்றாண்டுத் துக்கம் போன மாதம் கழிந்தது. இன்று காலை, மேடைப் படியருகே அண்ணி கேட்டார்கள்: "மத்தியானம் சாப்பிட வாங்களேன் தம்பி. அந்தச் செவப்புத் தாள் அப்படியே இருக்கு."

பாழும் பழக்கம்! அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன் ஐயா, விழுங்கினேன்!

எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினீர்கள், முதல்வரே. மீதியைத் திருப்பித் தருகிறேன், பொறுத்தருளுங்கள். சுருளை எந்தப் பிள்ளையாவது திறக்கட்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி, என் வணக்கம்.

அண்ணி, எழுந்திருங்க. தூரிகை பையில இருக்கு. போற வழியில மீன் வாங்கிக்கலாம்.